மன்னிக்கப்பட்டவள்

கதவைச் சாத்திப் பதினொரு நிமிடம் ஆகிறது. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டுக்கும் மூன்று நிமிட வித்தியாசம், எது சரி என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே என் மகள் பெர்சிஸ் பேசிக்கொண்டிருக்கிறாள். குரல் வெளியே வரவில்லை. முதல் அரை மணி நேரம் அவள் மட்டும், பிறகு என்னைக் கூப்பிடுவார்கள், அப்படித்தான் மனநல ஆலோசனை சொல்கிற அந்த வாசுகி மேடம் போனில் சொன்னார். "ஐயா, உங்க மக உங்க வாயால ஒண்ணு கேக்கணும்னு நினைக்காங்க. ஒரு வாக்கியந்தான். அது என்னன்னு நான் சொல்லித் தரப்போறதில்ல. நீங்களா வந்தா நல்லது." முப்பத்தாறு வருஷம் உபதேசியாராக இருந்தவன், கோயில் கட்டாத ஊர்களில் ஓலைப் பந்தலுக்குக் கீழே நின்றுகூடப் பிரசங்கம் செய்தவன், ஒரு வாக்கியத்துக்கா பயப்படுவேன். பயப்படுகிறேன். என்ன வாக்கியம் என்பது எனக்குத் தெரியும். நீ ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவுதான். அதைச் சொல்ல முடிந்தால் பெர்சிஸ் தன் பிள்ளையைத் தூக்குவாள், இல்லையென்றால் தூக்கமாட்டாள், விஷயம் அவ்வளவு நேரானது என்று மருமகன் ஜெயசிங் நினைக்கிறான், அவன் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவன், எதையும் இணைப்பு இருக்கிறது, இணைப்பு இல்லை என்றுதான் பார்ப்பான். பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அறையில் வேறு யாராவது இருந்தால் பெர்சிஸ் தூக்குவாள், பால் கொடுப்பாள், முத்தம்கூடக் கொடுப்பாள். அந்த ஆள் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொள்வாள். ஜெயசிங் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான். என் மனைவி சுகிர்தம்தான் நேராகக் கேட்டாள், தாய் கேட்கிற மாதிரி, "ஏன்ட்டி, பெத்த பிள்ளையத் தூக்க என்ன பயம்?" பெர்சிஸ் சொன்னாள்: "எம்மனசுல என்ன வரும்னு எனக்குத் தெரியாதும்மா. வந்தா நடந்துரும்லா." அப்போது நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஏதோ அணையில் நீர்மட்டம், எத்தனை அடி என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாசலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிற பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், ரவிக்கைக் கையை இறுக்கமாகத் தைத்துவிட்டானாம் தையல்காரன், "எங்கல்யாணத்துக்கே எனக்கு இவ்ளோ இறுக்கமா யாரும் தைக்கல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு என் வெள்ளை வேட்டியையும் முழுக்கைச் சட்டையையும் பார்த்தாள். "ஐயா பாஸ்டரா?" "இல்லம்மா. உபதேசியார். இப்ப ரிட்டயர்டு." "அப்படின்னா?" "பாஸ்டருக்குக் கீழ. அவரு மாசம் ஒருக்க வருவாரு. மத்த நாளெல்லாம் நாந்தான் பாத்துக்கிடணும்." "கம்பவுண்டர் மாதிரி." "ஆமா," என்றேன், "அப்படித்தான்." அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் சொன்னாள், மருந்து எழுதுகிற அதிகாரம் இல்லை, நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் நான் ஆசீர்வதிக்க முடியாது, பாவமன்னிப்பை ஐயர், பாஸ்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அவர் சொல்வதுபோல உங்களுக்கு என்று சொல்ல முடியாது, நமக்கு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஊசி போட்டதெல்லாம் நான்தான். அவள் தலைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. நீல வானம், வெள்ளை மேகம், கீழே, உங்கள் எண்ணங்கள் நீங்கள் அல்ல. சாமி படம் ஒன்றும் இல்லை, சிலுவை இல்லை, பிள்ளையார் இல்லை, மேகம் மட்டும். பெர்சிஸ் வீட்டில் வந்து இதைச் சொன்னபோது, எண்ணம் வானத்தில் போகிற மேகம் மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தால் போய்விடும் என்று மேடம் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னபோது, மேகமென்றால் மழை பெய்யாதா என்று வாய்க்கு வந்துவிட்டது. பிரசங்கத்தில் சொன்னால் சபை சிரித்திருக்கும். பெர்சிஸ் சிரிக்கவில்லை. "அதான்ப்பா எனக்கும் பயமா இருக்கு," என்றாள். என் வாய் எனக்கு எப்போதும் முன்னால் ஓடுகிற வாய். எண்ணங்கள் நான் அல்ல என்றால் நான் யார், அந்த வானமா. வானத்துக்கு எதற்கு இரட்சிப்பு. மனிதனின் உள்ளத்தைப் போல ஏமாற்றுகிற பொருள் வேறில்லை என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பேன், கோபத்தோடு ஒருவனை நினைத்தாலே கை வைத்ததற்குச் சமம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், அதை எந்த மேகத்தில் கொண்டுபோய் விடுவது. மனிதன் நல்லவனாகவே பிறக்கிறான், மற்றவர்கள்தான் கெடுத்துவிடுகிறார்கள் என்று ஆரம்பித்தால், ஒருவர் அந்தச் சிலுவையில் தொங்கியதற்கு என்ன கணக்கு. இப்படித்தான் என் மனது போகிறது. மகள் உள்ளே இருக்கிறாள், நான் வெளியே உட்கார்ந்து ஒரு படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாவி என்ற வார்த்தை இவர்களுக்கு வலிக்கிறது. பெர்சிஸுக்கு வலிக்கிறது, "நாலு வயசுலருந்து பாவி பாவின்னு சொல்லிச் சொல்லி" என்று ஒருநாள் அழுதாள். எனக்கு அது வலித்ததே இல்லை, அதை அவளுக்கு எப்படிச் சொல்வது. என் தகப்பனார் ஏசுவடியான் ஒரு பண்ணையாரின் வயலில் வேலை செய்தவர், பண்ணையாரும் கிறிஸ்தவர்தான், வேறு சாதி, களத்து மேட்டில் அப்பாவுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் காப்பி ஊற்றுவார்கள். பிறப்பிலேயே தீட்டு என்று ஊர் சொன்ன ஆள் அவர். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. அன்றைக்கு அப்பம் வாங்குமுன் எல்லாரும் முழங்காலில் நின்று சத்தமாகப் பாவ அறிக்கை சொல்ல வேண்டும். அப்பா எங்களைக் கடைசி வரிசையில் நிறுத்திக்கொண்டு முன்வரிசையைக் காட்டுவார். "பாத்தியால. பண்ணையார் முட்டுக்கால் போட்டு நிக்காரு பாரு. என்ன சொல்லுதாரு கேளு." பண்ணையார் கனத்த குரலில் நான் பாவி என்று சொல்லிக்கொண்டிருப்பார். எங்களை மட்டும் அசுத்தம் என்று சொன்ன ஊரில், எல்லாரும் அசுத்தம்தான் என்று சொன்ன ஒரே இடம் அது. பிறகு ஒரே வெள்ளிக் கிண்ணம், பண்ணையார் வாய் வைத்த கிண்ணத்தில் வரிசை வந்ததும் அப்பாவும் வாய் வைப்பார், வெளியே வந்து மீசையைத் துடைக்காமலே வீடுவரை நடப்பார். அந்த வார்த்தையில் நான் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்டேன். அதே வார்த்தையில் என் மகள் சுவரோரம் போய் நிற்கிறாள். ஒரே மருந்துதான், தகப்பனாருக்குக் கொடுத்ததை மகளுக்கும் கொடுத்தேன். அவளை யாரும் சிரட்டையில் குடிக்க வைக்கவில்லையே, அவளுக்கு எதற்கு அந்த மருந்து என்று ஒரு தடவையாவது யோசித்தேனா. கம்பவுண்டர்தானே.

பதினேழு நிமிடம். கீழே மூக்குக் கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை உரக்கப் படிக்கிறார்கள், ஒரு கிழவரின் குரல், க, ட, ப, அதற்கடுத்தது தெரியவில்லை என்கிறார். மின்விசிறி மூன்றாம் சுற்றுக்கு ஒருமுறை டக் என்கிறது. பெர்சிஸின் கைப்பை என் மடியில் இருக்கிறது, அதில் பிள்ளையின் மாற்றுத் துணி ஒன்று இருக்கிறது, பிள்ளை வீட்டில் சுகிர்தத்திடம் இருக்கிறான், இங்கே எதற்குத் துணி, ஆனாலும் எடுத்து வைத்திருக்கிறாள். பால் வாடை. அந்த வாடை எனக்கு இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய வீட்டைக் கொண்டுவருகிறது, நேசபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை, சுகிர்தத்தின் சேலையெல்லாம் அந்த வாடைதான். அப்போது எங்களுக்கு ஒபேத் பிறந்திருந்தான். பெர்சிஸுக்கு எட்டு வயது. ஐந்து மாதம் இருந்தான் ஒபேத், பிறகு காய்ச்சல் வந்து இறந்துபோனான், ஐப்பசி மாதம். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் மனது அவசரமாக அடுத்ததற்குப் போய்விடும், இறந்துபோனான், ஐப்பசி மாதம், புள்ளி. அடுத்தது சனிக்கிழமை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது, நானே ஏற்படுத்தியது, ஊரில் வேறு யாருக்கும் இல்லை. நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் அந்த மாதம் செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து சொல்வது சுலபம், வீட்டில் சொல்வதுதான் அறிக்கை என்பது என் கருத்து, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. சுகிர்தம் ஏதாவது சொல்வாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் எரிந்து விழுந்தேன், பால்காரனிடம் பொய் சொன்னேன். பெர்சிஸ் சொல்வாள், சிலேட்டுக் குச்சி எடுத்தேன், அம்மாவைப் பார்த்து முறைத்தேன். சில மாதம் சொல்ல ஒன்றும் கிடைக்காது அவளுக்கு. யோசித்து யோசித்து முகம் சிவந்துவிடும், பிறகு எதையாவது சொல்லிவிடுவாள், சொன்னதும் நான் தலையில் கை வைத்து ஜெபிப்பேன், ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று முடிப்பேன், அவளுக்கு ஒரு நிம்மதி வருவதைப் பார்ப்பேன். தப்புச் செய்யாத மாதத்திலும் அந்த நிம்மதி அவளுக்கு வேண்டியிருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது.

ஒபேத்தை அடக்கம் செய்த அடுத்த மாதச் சனிக்கிழமை. சுகிர்தம் முழங்காலில் நிற்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், நானும் ஒன்றும் சொல்லவில்லை. பெர்சிஸ் முறை வந்தது. அவள் யோசிக்கவில்லை. முகம் சிவக்கவும் இல்லை. "தம்பி வேண்டாம், எடுத்துக்கிடுங்கன்னு நான் ஜெபம் பண்ணுனேன்ப்பா. மூணு தடவ பண்ணுனேன்." அவ்வளவுதான் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளை. தம்பி வந்ததிலிருந்து அம்மா பக்கத்தில் படுக்க இடமில்லை, இரவெல்லாம் அழுகை, யாரும் தலை வாரிவிடவில்லை, எந்தப் பிள்ளையும் நினைப்பதைத்தான் நினைத்தாள். மற்ற வீட்டுப் பிள்ளை நினைத்துவிட்டு மறந்திருக்கும். இவள் உபதேசியார் மகள், நினைத்ததை முறைப்படி முழங்காலில் நின்று கேட்டாள். அந்த வருஷம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நான் என்ன சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் ஜெபம் காத்திருக்க வேண்டும், சிறு பிள்ளைகளின் ஜெபத்துக்குக் காத்திருப்பே கிடையாது, நேராக மேலே போய்விடும். பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்பார்கள். முன்வரிசையில் பெர்சிஸ். அவள் கேட்டாள், நேராக மேலே போனது, தம்பி போய்விட்டான். அதில் எந்த இடத்தில் நான் குறுக்கே வந்து இல்லை என்று சொல்ல முடியும். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை என்று சொன்னால் என் போதனை பொய். கேட்கப்பட்டது என்றால். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். தலையில் கை வைத்தேன். "ஆண்டவர் மன்னிச்சுட்டாரும்மா. இனி அத நினைக்கப்பிடாது." அவள் சரிப்பா என்றாள். கஞ்சி குடித்தாள். தூங்கினாள். நல்ல மனசாட்சியுள்ள பிள்ளை என்று நான் ஐயரிடம்கூடச் சொன்னேன், பெயர் சொல்லாமல், ஒரு பிள்ளை என்று, அவர் அதை ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார், ஆட்கள் அழுதார்கள்.

போன வியாழக்கிழமை அடுக்களையில் நின்று அவள் கேட்டாள். அதட்டிக் கேட்கவில்லை. சண்டையாக இருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, மன்னிச்சுட்டாருன்னு சொன்னீங்கள்லா அன்னைக்கு. மன்னிச்சாருன்னா நான் செஞ்சிருக்கேன்னுதான அர்த்தம்." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "செய்யாத காரியத்துக்கு மன்னிப்பு யாராது கொடுப்பாங்களா? இருவத்தாறு வருசமா நான் தம்பியக் கொன்னவதான்ப்பா. மன்னிப்புக் கெடச்ச கொலகாரி." "ஏ பெர்சிஸ், அப்படிச் சொல்லாத." "நான் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க." பிறகு உரித்த வெங்காயத்தைக் கழுவினாள், குழாயை மூடினாள், "மேடம் உங்ககிட்ட பேசணும்ங்காங்க, வருவீங்களா" என்றாள். வருவேன் என்றேன். அன்றிலிருந்து ஐந்து நாளாக அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். நீ ஒன்றும் செய்யவில்லை. சொல்ல வருகிறது, உடனே இன்னொன்று வந்து பக்கத்தில் நிற்கிறது, ஆனாலும் அப்படி நினைத்தாயே. உபதேசியாரின் புத்தி. ஆதாம் முதல் எல்லாரும் அப்படித்தான் என்று சேர்த்துச் சொல்லலாமா. நீ மட்டுமல்ல, நாம் எல்லாரும் பாவிகள் என்று. அது ஆறுதல், உண்மையும்கூட. அதைச் சொல்லித்தான் எத்தனை வீட்டில் அழுகையை நிறுத்தியிருக்கிறேன். எல்லாரும். அந்த எல்லாரும் எவ்வளவு பெரிய வார்த்தை, அதற்குள் போய் நின்றுகொண்டால் ஒருவனைத் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பண்ணையாரும் அதற்குள்தான் நின்றார், ஞாயிற்றுக்கிழமை பாவி, திங்கட்கிழமை மறுபடி சிரட்டை. அப்பா அதைச் சொன்னதே இல்லை. அப்பா கிண்ணத்தை மட்டும் பார்த்தார். நான் ஏன் இப்போது பண்ணையாரை நினைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் நான் என்ன அறிக்கை செய்தேன். இதை இவ்வளவு நாள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. சுகிர்தம் சொல்வாள், பெர்சிஸ் சொல்வாள், கடைசியில் நான் சுருக்கமாக, ஆண்டவரே நாங்கள் எல்லாரும் உம் முன்னால் பாவிகள், என்று ஆரம்பித்து ஜெபத்துக்குப் போய்விடுவேன். முப்பது வருஷம். ஒரு சிலேட்டுக் குச்சிகூட நான் எடுத்ததில்லை. அன்றைக்கு, அந்தச் சனிக்கிழமை, அவள் மூணு தடவ பண்ணுனேன் என்று சொன்னபோது எனக்குள் என்ன நடந்தது. துக்கம் என்றுதான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். துக்கம் பிறகு வந்தது. அதற்கு முன்னால் ஒன்று வந்தது. உடம்பு லேசானது. தலைச்சுமை தூக்குகிறவனுக்கு யாரோ கை கொடுத்து இறக்கிவைக்கிற மாதிரி. அதை ஆவியானவர் தந்த சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். இல்லை. இந்த நாற்காலியில், இந்த மேகத்தின் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன், அது சமாதானம் இல்லை. இந்த வீட்டில் ஒபேத்துக்காக யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும், பிள்ளை வந்து நான்தான் என்றது, நான் அவளை இல்லை என்று சொல்லி அனுப்பவில்லை. மன்னித்து ஏற்றுக்கொண்டேன். சுவரில் சாய்ந்திருந்த சுகிர்தம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மறுநாள் கோயிலுக்குப் போகிற வழியில் "அவகிட்ட வேற என்னமாவது சொல்லியிருக்கலாம்" என்றாள், நான் ஏதோ வசனம் சொன்னேன், அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்குத் தெரியும். அவள்தான் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் தயாராக நின்றவள். ஆறு நாற்பது பஸ். நேசபுரத்திலிருந்து டவுனுக்கு அதுதான் கடைசி, அதை விட்டால் காலை ஆறேகாலுக்கு. பிள்ளைக்கு உடம்பு கொதித்தது, கண் மேலே செருகியது. நான் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன், கன்வென்ஷன் பந்தலுக்குக் கம்பு நடுகிறவர்களோடு. அந்த வாரம்தான் விசுவாசத்தினால் சுகம் என்று மூன்று நாள் பேசியிருந்தேன், ஒரு முடவனை நடக்கச் சொல்லி அவன் நான்கு எட்டு வைத்திருந்தான், ஊரே என்னைப் பார்த்த பார்வை அப்போது வேறு. அந்த ஆட்களுக்கு முன்னால், என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. பஸ் வந்தது. நின்றது. நான் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினேன், போகலாம் என்று. "காலைல பாத்துக்கிடுவோம், ஜெபிச்சிருக்கேன்." விடியுமுன் போய்விட்டான். அவ்வளவுதான், இது ஒன்றும் மறந்துபோனது இல்லை, எல்லா நாளும் இருந்தது, புள்ளி வைத்தேனே ஐப்பசி மாதம் என்று, அதற்குக் கீழேயே இருந்தது. நாங்கள் எல்லாரும் பாவிகள். எல்லாரும் சேர்ந்து அந்தப் பஸ்ஸை அனுப்பவில்லை. ஒரு ஆள் அனுப்பினான், வலது கையால். எண்ணங்கள் நான் அல்ல, இருக்கட்டும், அந்த அம்மா சொல்வது சரியாகவே இருக்கட்டும், இந்தக் கை யாருடையது.

"ஐயா. ஐயா." மேஜைப் பெண் எழுந்து நின்று கூப்பிடுகிறாள். "ரெண்டு தடவ கூப்ட்டுட்டேன். உள்ள வரச் சொல்லுதாங்க." எழுந்தேன். பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போவதா கையில் எடுப்பதா என்று தெரியாமல் நின்றேன், அவளே வாங்கி மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். "பதறாதீங்க, நல்ல மேடந்தான்," என்றாள். "எல்லா அப்பாவும் இப்படித்தான் நிப்பாங்க." உள்ளே சின்ன அறை. நான் நினைத்த மாதிரி கட்டில், விளக்கு ஒன்றும் இல்லை, மூன்று பிரம்பு நாற்காலி, ஜன்னலில் வேப்பமரம். வாசுகி மேடம் என் பெண் வயதுதான் இருப்பாள், "வாங்க ஐயா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடி வைத்தாள். பெர்சிஸ் அழுதிருக்கிறாள். கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். அந்த வாக்கியம் வாயில்தான் இருந்தது. நீ ஒண்ணும் செய்யல. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், அவள் அழுவாள், வீட்டுக்குப் போவோம். சொன்னால் அதுவும் நான் தலையில் கை வைக்கிறதுதான், மேலே நின்று, மறுபடி ஒரு தடவை. "பெர்சிஸ்," என்றேன். "தம்பிக்குச் சொகமில்லாத அன்னைக்கு ஆறு நாப்பது பஸ் வந்துச்சும்மா. அம்மா கெளம்பி நின்னா. நான்தான் போவச் சொல்லிட்டேன் பஸ்ஸ. ஆளுக பாக்காங்கன்னு. நான் ஜெபிச்சா போதும்னு சொன்னது விசுவாசத்துல இல்ல. வெக்கத்துல. அதனாலதான் போனான். நீ ஜெபிச்சதுனால இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

நான் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்பது சிறிது நேரம் கழித்துத்தான் தெரிந்தது, பரவாயில்லப்பா என்று அவள் சொல்வாள் என்று, அல்லது மன்னிச்சுட்டேன் என்று, முழங்கால்கூட நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அவள் சொல்லவில்லை. மேடமும் சொல்லவில்லை. பெர்சிஸ் மடித்திருந்த கைக்குட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் முகத்தில் கோபமா என்று பார்த்தேன், வரும், அது பிறகு வரும், வரட்டும். இப்போது அவள் கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரிப் புருவத்தைச் சுருக்கினாள். "பஸ் நம்ம கோயில்கிட்ட நிக்காதேப்பா," என்றாள். "ஸ்டாப்பு ஆலமரத்துக்கிட்டல்லா. அங்க எப்பிடி நின்னுச்சு?" நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு நினைவில்லை. மூன்று தடவை செய்த ஜெபம் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, இது இல்லை, சுகிர்தம் பேசியதில்லை, நான் பேசியதில்லை, வேறு யார் சொல்லியிருப்பார்கள். "சொல்லுங்க," என்றாள். "யாரு நிப்பாட்டுனா?"

"நீதான்," என்றேன். "அம்மா சொல்லக்கூட இல்ல. நீயா ஓடுன. செருப்புகூடப் போடாம. ரோட்டுக்கு நடுவுல போயி ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்ன. டிரைவரு திட்டுனாரு. நீ நவரவே இல்ல. தம்பிக்குக் காய்ச்சல், தம்பிக்குக் காய்ச்சல்னு கத்திக்கிட்டே நின்ன, நான் வந்து உன்னத் தூக்கி ஓரமா விடுற வரைக்கும்."